எழுபது வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட கோச்



ஆகஸ்டு 16 என்றால் என்ன நாள் என்று நம் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1-ஆம் தேதியே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் கொடுத்து, சட்டப்படி நாம் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16-இல்தான். காகிதம் முழுமையாவதற்கு எட்டு வருடம் பிடித்தது. எனக்கு அப்போது வயது 16. கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே பிரெஞ்சில் படித்துக்கொண்டிருந்த பையன். "இனிமே உத்தியோகம்னா இங்கிலீஷ் வேணும்டா" என்று அப்பா அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதே 1962 ஆகஸ்டு 16 அன்று, உலகத்தின் இன்னொரு மூலையில், கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊரில், ஒரு பெரியவருக்கு நூறு வயது பூர்த்தியானது. பெயர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் ஆரம்ப கால கோச்சுகளில் முக்கியமானவர். 70 வயதில் "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பப்பட்டு, அதற்குப் பிறகு இன்னும் 28 வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றவர்கள் அதிகம் படிக்கும் இந்த இடத்தில் அவரைப் பற்றி எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

இவரை எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சில வருடங்களுக்கு முன் சிகாகோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஒருநாள் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டினார். பெரிய நூலகம் ஒன்றின் பக்கத்தில் வெண்கலத்தில் ஒரு சிற்பம். ஒரு பக்கம் பார்த்தால் மண்டை ஓடு, இன்னொரு பக்கம் பார்த்தால் காளான் குடை. ஹென்றி மூர் என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது. "மாமா, உலகத்திலே முதல் அணு உலை எரிஞ்சது இங்கதான்" என்றார். "ஆராய்ச்சிக்கூடமா இருந்ததா?" என்று கேட்டேன். "இல்ல மாமா, ஃபுட்பால் மைதானம். கேலரிக்கு அடியிலே வச்சுச் செஞ்சாங்க. ஸ்டாக் ஃபீல்டுன்னு பேரு" என்றார்.

ஃபுட்பால் மைதானத்துக்கு அடியில் அணு உலையா? அந்த மைதானம் ஏன் காலியாகக் கிடந்தது? அந்த ஸ்டாக் யார்? குமாஸ்தா புத்தி, ஒரு ஃபைலைத் திறந்தால் கடைசிக் காகிதம் வரை பார்க்காமல் மூடாது. தேடிப் படித்ததைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம் கால்பந்து அல்ல. பந்து தேங்காய் போல நீண்டிருக்கும். பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். எதிரணியினர் சடுகுடுவில் பிடி போடுவது போலப் பாய்ந்து, கட்டி, கீழே தள்ளுவார்கள். விழுந்த இடத்திலிருந்து மறுபடி ஆட்டம். இப்படி கஜம் கஜமாக நிலத்தைப் பிடித்துக்கொண்டு எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் காம்ப் என்பவர் 1880-களில் இதற்கு விதிகள் வகுத்துக் கொடுத்தார். அதற்கு முன்னால் அது ரக்பிக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

ஸ்டாக் பிறந்தது 1862-இல், நியூஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட் ஆரஞ்ச் என்ற ஊரில். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. வீட்டில் படிக்க வைக்க வசதி இல்லை. கிடைத்த வேலையைச் செய்து, அதில் மிச்சம் பிடித்துத்தான் படித்தார். குளிர் காலத்தில் கணப்புக்கூட இல்லாத மாடி அறையில் தங்கி, பழைய ரொட்டியும் பாலும் சாப்பிட்டு உயர்நிலைப் படிப்பை முடித்தார். யேலில் சேர்ந்தபோது வயது 22. பாதிரியார் ஆக வேண்டும் என்பதுதான் ஆசை.

யேலில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பேஸ்பால். பந்து வீசுவதில் அவருக்கு நிகர் இல்லை என்றார்கள். தொழில்முறை அணிகள் தேடி வந்தன. நியூயார்க் அணி ஒரு பருவத்துக்கு 4,200 டாலர் தருவதாகச் சொன்னது. ரொட்டியும் பாலும் சாப்பிட்ட பையனுக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று நினைத்துப் பாருங்கள். வேண்டாம் என்றுவிட்டார். அன்றைய தொழில்முறை பேஸ்பாலைச் சுற்றிக் குடியும் சூதும் இருந்தன. அது தனக்கு ஒத்துவராது என்று நினைத்தார். கடைசி வரைக்கும் அவர் குடித்ததில்லை, புகைத்ததில்லை. கெட்ட வார்த்தையும் பேசமாட்டார். கோபம் எல்லை மீறினால் ஆட்டக்காரனைக் "கழுதை" என்பார். இன்னும் மீறினால் "இரட்டைக் கழுதை." அவ்வளவுதான்.

1889-இல் அமெரிக்காவின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் பதினொரு பேர் என்று முதன்முதலாக ஒரு பட்டியல் வெளியானது. அதில் ஸ்டாக்கின் பெயரும் இருந்தது. பாதிரியார் ஆசை மட்டும் நடக்கவில்லை. மேடையில் ஏறினால் அவருக்குப் பேச்சு வராது. பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல முடியாததை விளையாட்டு மைதானத்திலிருந்து சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். 1890-இல் மாஸசூஸெட்ஸில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே கூட இருந்தவர் ஜேம்ஸ் நைஸ்மித். ஆமாம், பழக்கூடையைச் சுவரில் மாட்டி பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தாரே, அவரேதான். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னால் நடந்த முதல் பாஸ்கெட்பால் ஆட்டத்தில் மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1. ஆசிரியர்களுக்குக் கிடைத்த அந்த ஒன்றையும் போட்டவர் ஸ்டாக்.

இந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட் பள்ளிக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே பிற்காலத்தில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கிறதே, அதுதான். நம் காலத்துப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர்கள் பலர் அங்கே படித்து வந்தவர்கள். 1924-இல் பாரீஸில் ஒலிம்பிக் நடந்தபோது இந்திய அணியோடு மேனேஜராகப் போனவர் இந்த பக். அமெரிக்க ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க அதே பாரீஸுக்குப் போனவர் ஸ்டாக்.

சரி, சிகாகோவுக்கு வருவோம். யேலில் ஸ்டாக்குக்கு வேதாகமம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் சிகாகோவில் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஆகப்போகிறவர் ஹார்ப்பர். பழைய மாணவனைக் கூப்பிட்டு, "உடற்பயிற்சித் துறைக்கு நீ வா, 1,500 டாலர்" என்றார். ஸ்டாக் பதில் சொல்லவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார். சம்பளம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "2,000" என்றார் ஹார்ப்பர். அப்போதும் மௌனம். "சரி, 2,500. இணைப் பேராசிரியர் பதவி. ஆயுள் முழுக்க உனக்கு வேலை" என்றார். பேசத் தெரியாத மனிதருக்கு மௌனமே ஆயிரம் டாலர் சம்பாதித்துக் கொடுத்தது.

சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. "ஆயுள் முழுக்க" என்ற அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை விளையாட்டுப் பயிற்சியாளர் என்றால் பருவத்துக்குப் பருவம் கூலிக்குப் பிடிக்கிற ஆள். அவருக்குப் பேராசிரியர் அந்தஸ்தும் நிரந்தர வேலையும் கொடுத்தது அமெரிக்காவிலேயே புதுசு.

1892 அக்டோபரில் பல்கலைக்கழகம் திறந்தது. ஃபுட்பால் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் ஒரு பிடி. ஆள் போதாமல் கோச்சே உள்ளே இறங்கி ஆடினார். அங்கிருந்து 41 வருடம். அவருடைய அணிகள் ஏழு தடவை வட்டாரப் பட்டம் வாங்கின. 1905-இல் மிஷிகன் அணி 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்தது. அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் அதை 2-0 என்று தோற்கடித்தது ஸ்டாக்கின் அணி. ஸ்டெல்லா என்ற மாணவியை 1894-இல் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாளும் ஆட்டத்தை நன்றாகப் படித்தவர். எதிரணி ஆடும் இடத்துக்குப் போய், கேலரியில் உட்கார்ந்து, அவர்களுடைய ஆட்ட முறைகளைத் தாளில் வரைந்துகொண்டு வருவார். ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் அதை வைத்துக்கொண்டு உட்காருவார்கள்.

பாய்ந்து பிடிக்கப் பழகுவதற்கு மனிதனுக்குப் பதில் பொம்மையைத் தொங்கவிட்டது, ஆட்டத்துக்கு நடுவில் வட்டமாகக் கூடி ரகசியம் பேசிக்கொள்வது, சட்டையில் எண் போடுவது என்று இன்றைக்கு அந்த விளையாட்டில் சாதாரணமாக இருக்கும் பலவற்றுக்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் அவரேதான் முதலில் செய்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த ஆட்டம் உருவான காலத்தில் சமையல்கட்டில் நின்றவர்களில் அவர் ஒருவர். 1905-இல் ஒரே பருவத்தில் ஏறத்தாழ 18 பேர் மைதானத்தில் அடிபட்டுச் செத்துப்போனார்கள். ஆட்டத்தையே தடை செய்ய வேண்டும் என்று கூச்சல். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட்டே பெரிய பல்கலைக்கழகத்தாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாயிற்று. மறு வருடம் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்று வந்தது. கூட்டமாக முட்டி மோதுவது குறைந்தது. அந்த விதிகளை எழுதிய குழுவில் ஸ்டாக்கும் ஒருவர்.

விதி எழுதுகிறவர்கள் உண்டு, விதிப்படி நடக்கிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். அரசாங்க ஆபீஸில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1922 அக்டோபரில் ப்ரின்ஸ்டன் அணியோடு ஒரு பெரிய ஆட்டம். நியூயார்க் வரைக்கும் ரேடியோவில் ஒலிபரப்பானது. அப்போது அது ஓர் அதிசயம். கடைசிக் கால் பகுதி தொடங்கும்போது சிகாகோ 18-7 என்று முன்னணியில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ப்ரின்ஸ்டன் 21-18 என்று தாண்டிவிட்டது. நிமிடங்கள்தான் பாக்கி. சிகாகோ பையன்கள் பந்தை எதிரியின் எல்லைக் கோட்டுக்கு ஓர் எட்டு தூரம் வரை கொண்டுபோய்விட்டார்கள். கடைசி வாய்ப்பு. நடுவில் மோதினால் வேலைக்காகாது, வேறு விதமாகப் போக வேண்டும் என்று வெளியே நின்ற ஸ்டாக்குக்குத் தெரிகிறது. மாற்று ஆட்டக்காரன் ஒருவனை உள்ளே அனுப்பி, அவன் காதில் ஒரு வார்த்தை சொல்லி விட்டால் போதும். பக்கத்தில் இருந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அவர் அனுப்பவில்லை. ஆட்டத்தை நடத்த வேண்டியது களத்தில் இருக்கும் மாணவன், வெளியிலிருந்து கோச் அல்ல என்பது அன்றைய விதியின் நோக்கம். மாற்று ஆள் மூலமாகச் செய்தி அனுப்புவது சரியல்ல என்று விதிக்குழு சொல்லியிருந்தது. அந்தக் குழுவில் இவர் உறுப்பினர். பையன்கள் நடுவில் மோதினார்கள், கோட்டைத் தாண்ட முடியவில்லை. ஆட்டம் போயிற்று. ஆயிரக்கணக்கான பேர் கூடியிருந்த, தன் பெயரே சூட்டப்பட்ட மைதானத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதரை நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்து அந்த விதி அவர் மீதே வந்தது.

1932-இல் அவருக்கு 70 வயது முடிந்தது. பல்கலைக்கழகத்தில் 70 ஆனால் கட்டாய ஓய்வு. ஹார்ப்பர் 1906-லேயே இறந்துபோனார். "ஆயுள் முழுக்க" என்று சொன்ன வாய் இல்லை. இப்போது தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், வயது 33. ஸ்டாக் சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் கழித்துப் பிறந்தவர். உடல் தெம்பாக இருக்கிறது, இன்னும் செய்ய முடியும் என்றார் ஸ்டாக். விதி விதிதான் என்றார்கள். பயிற்சி கொடுக்காத ஆலோசகர் மாதிரி ஒரு பதவி தரலாம் என்று சொன்னார்கள். சம்பளம் வரும், நாற்காலி இருக்கும், வேலை இருக்காது. அதை வாங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை.

இங்கே ஹட்சின்ஸ் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிகாகோ அணி கடைசியாகப் பட்டம் வாங்கியது 1924-இல். அதற்குப் பிறகு எட்டு வருடம் இறங்குமுகம். மற்ற பல்கலைக்கழகங்கள் ஃபுட்பாலுக்காகவே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. சிகாகோ படிப்பை இறுக்கியது. கிழவர் ஒருவரை அதே இடத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஓர் இளம் தலைவர் நினைத்தால் அதில் பிழை சொல்ல முடியுமா?

எனக்கே இதில் ஓர் உறுத்தல் உண்டு. 1998-இல் மத்திய அரசு ஓய்வு வயதை 58-லிருந்து 60 ஆக உயர்த்தியது. அதனால் எனக்கும் இரண்டு வருடம் கூடுதலாகக் கிடைத்தது. வீட்டில் சந்தோஷம்தான். ஆனால் என் மேஜைக்குக் கீழே பதவி உயர்வுக்குக் காத்திருந்த பையனுக்கு அந்த இரண்டு வருடம் என்னவாக இருந்திருக்கும்? எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு அது தள்ளிப்போயிற்று? கிழவர்கள் எழுந்தால்தான் இளையவர்கள் உட்கார முடியும். அதை மறைத்துவிட்டு ஸ்டாக்குக்கு அநியாயம் நடந்தது என்று ஒரேயடியாக எழுத என் மனம் ஒப்பவில்லை.

ஸ்டாக் செய்தது இதுதான். நாற்காலியை விட்டுவிட்டார், வேலையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கலிஃபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊரில் பசிஃபிக் கல்லூரி என்ற சின்னக் கல்லூரி. அவருக்கிருந்த பெயருக்கு அது மிகச் சின்ன இடம். 1933-இல் மனைவியோடு மூட்டை கட்டிக்கொண்டு அங்கே போனார். 71 வயதில் புது ஊர், புதுப் பையன்கள். 14 வருடம் அங்கே கோச்.

1938-இல் ஓர் ஆட்டம் நடந்தது. இதைப் படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். பசிஃபிக் கல்லூரி சிகாகோவோடு ஆட வந்தது. இடம், ஸ்டாக் ஃபீல்ட். 76 வயது ஸ்டாக், தன் பெயர் போட்ட மைதானத்தில் எதிரணியின் கோச்சாக வந்து நின்றார். முடிவு 32-0. பசிஃபிக்குக்கு 32, சிகாகோவுக்குப் பூஜ்யம்.

மறு வருடம் சிகாகோ மிஷிகனிடம் 85-0 என்று தோற்றது. 1939 டிசம்பரில் ஹட்சின்ஸ் ஃபுட்பாலையே பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துவிட்டார். மைதானம் காலியானது. அப்படிக் காலியாகக் கிடந்ததால்தான், யுத்த காலத்தில் ரகசியமாக வேலை செய்ய இடம் தேடிய விஞ்ஞானிகளுக்கு அது வாய்த்தது. மேற்குப் பக்கக் கேலரிக்கு அடியில் ஸ்குவாஷ் ஆடும் கூடம் ஒன்று. அங்கே கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, 1942 டிசம்பர் 2 பிற்பகல் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகத்தின் முதல் அணு உலையை இயக்கியது. மூன்று வருடத்துக்குள் ஹிரோஷிமா. தன்னுடைய பழைய கேலரிக்கு அடியில் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்த வருடத்தில், 80 வயது ஸ்டாக் ஸ்டாக்டனில் பையன்களுக்குப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

1943-இல் அந்தச் சின்னக் கல்லூரி ஒன்பது ஆட்டங்களில் ஏழில் ஜெயித்தது. அமெரிக்கக் கோச்சுகளே கூடி, அந்த ஆண்டின் சிறந்த கோச்சாக ஸ்டாக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 81.

1946-இல் பசிஃபிக்கிலும் அதே கதை. இளைய ஆள் வேண்டும், நீங்கள் ஆலோசனை சொல்லிக்கொண்டு இருங்கள் என்றார்கள். 84 வயது. மறுபடியும் மூட்டை கட்டினார். மகன் ஸ்டாக் ஜூனியர் பென்சில்வேனியாவில் சஸ்குஹானா என்ற கல்லூரியில் கோச். அப்பா மகனோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். 1951-இல் அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. அப்பாவுக்கு 89. அதே வருடம் கல்லூரி ஃபுட்பாலின் புகழ்மன்றம் தன் முதல் பட்டியலில் அவரை ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் சேர்த்தது.

பிறகு ஸ்டெல்லா அம்மாளுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக மகனை விட்டு ஸ்டாக்டனுக்கே திரும்பினார். ஐம்பது வருடத்துக்கும் மேலாகத் தனக்காகத் தாளில் வரைந்து கொடுத்தவர் அல்லவா? அங்கேயும் சும்மா இல்லை. உள்ளூர் ஜூனியர் கல்லூரியில் பந்து உதைக்கிற பையன்களுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். தலைமைப் பொறுப்பு இல்லை, உதவிக்கு உதவி. 1960-இல், 98 வயதில், தானே கடிதம் எழுதி விலகிக்கொண்டார். எழுபது வருடம் ஆயிற்று, நிறுத்திக்கொள்ள இது சரியான சமயம் என்ற அளவில் சுருக்கமான கடிதம். இந்தத் தடவை யாரும் போகச் சொல்லவில்லை.

1964-இல் ஸ்டெல்லா அம்மாள் போனார். மறு வருடம் மார்ச் 17-இல் இவரும். வயது 102. அவர் பெயரில் ஸ்டாக் பவுல் என்று கல்லூரிகளுக்கிடையே ஓர் இறுதிப் போட்டி இன்றும் நடக்கிறது. விளையாட்டுக்காகத் தனி உதவித்தொகை கொடுக்காத கல்லூரிகளுக்கான போட்டி அது. ரொட்டியும் பாலும் சாப்பிட்டுப் படித்தவர் பெயரை அங்கே வைத்தது பொருத்தம்தான். ஸ்டாக் ஃபீல்ட் கேலரிகளை 1957-இல் இடித்துவிட்டார்கள். நான் பார்த்தது நூலகத்தையும் அந்த வெண்கலச் சிற்பத்தையும்தான்.

நம் ஊரில் பென்ஷனை 'ரெத்ரேத்' என்போம். சொல்தா குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பால் வார்த்தை. பள்ளிக்கூடத்தில் நெப்போலியன் ரஷ்யாவிலிருந்து பனியில் பின்வாங்கிய பாடத்தைப் படித்தபோது, அதற்கும் 'ரெத்ரேத்' என்றே முசியே சொன்னார். தாத்தாவுக்கு மாசாமாசம் வருகிற பணமும் தோற்ற படை திரும்பிப் போவதும் எப்படி ஒரே வார்த்தையாக இருக்கும் என்று எனக்கு அன்று புரியவில்லை. 2006-இல் நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் புரிந்தது. பொன்னாடை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காலை எட்டரைக்குக் குளித்து, சட்டை மாட்டி, சைக்கிள் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். பதில் தெரியாமல் வாசல் திண்ணையில் உட்கார்ந்தேன். அப்படியே இரண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்டாக்குக்கு உடம்பு ஒத்துழைத்தது, மனைவி ஒத்துழைத்தார், அழைக்க ஒரு கல்லூரியும் இருந்தது. எல்லாருக்கும் அது அமையாது. 98 வயது வரைக்கும் மைதானத்தில் நில்லுங்கள் என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அவர் இடம் மாறிய ஒவ்வொரு தடவையும் முன்பைவிடச் சின்ன இடத்துக்குத்தான் போனார் என்பதைக் கவனித்தீர்களா? பெரிய பல்கலைக்கழகம், சின்னக் கல்லூரி, மகனுக்குத் துணை, கடைசியில் உதைக்கிற நாலு பையன்கள். சின்னதாகிவிட்டதே என்று அவர் கூச்சப்படவில்லை. நம்மில் பலருக்கு அந்தக் கூச்சம்தான் திண்ணையை விட்டு எழவிடாமல் செய்கிறது. சூப்பரின்டென்டென்டாக இருந்தவன் போய் யாருக்கோ மனு எழுதிக் கொடுப்பதா என்று.

எங்கள் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் விதவைகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் 'செர்த்திஃபிக்கா த வி' பாரம் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு பிரெஞ்சு தெரியாது. ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மாள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் நின்றார். அதில் தொடங்கியது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய மேஜை போட்டிருக்கும். சம்பளம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஒரு காபி கிடைக்கும்.

பாரம் நிரப்பத் தெரியாமல் யாராவது தவித்தால் அனுப்பி வையுங்கள். பேனாவை மட்டும் அவர்கள் கொண்டுவரட்டும்.